நோவாவின் பேழையில் என் பிள்ளைக்கு இடம் உண்டா? – பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வருடங்களுக்கு முன் என் மகன் எலியாக நடித்தான். கிழக்கு லண்டனில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு தேவாலயத்தில், பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்த ‘நோயேஸ் ஃப்ளட்’ என்ற சிறுவர் இசை நாடகத்தில். நான் அதில் குவளை கட்டினேன். அது என்ன வேலை என்பது கீழே வருகிறது. அந்த நாடகத்தை மறுபடியும் போடப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதிலிருந்து, கடையில், பஸ் நிறுத்தத்தில், கோவில் பிரசாத வரிசையில் என்று தமிழ்ப் பெற்றோர் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்கள். ஒரே பதிலை இருபது பேருக்குச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெயரே வாயில் நுழையவில்லையே, இது என்ன நாடகம்?

‘நோவாவின் வெள்ளம்’ என்று பொருள். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஒரு ஒழுங்குக்கு வருவதற்கு முந்தைய காலத்து உரை என்பதால் சொற்கள் இப்படிக் கோணல்மாணலாக இருக்கின்றன. நான் இந்தப் பெயரைத் தமிழில் எழுதி வாட்ஸாப்பில் ஊருக்கு அனுப்பியபோது, “பிள்ளைக்கு என்ன நோய்?” என்று என் அம்மா பதறிப்போய் போன் செய்தார்.

கதை தெரிந்ததுதான். உலகத்தை வெள்ளத்தால் அழிக்கப்போவதாகக் கடவுள் நோவாவிடம் சொல்லி, பேழை என்ற பெரிய மரக்கலத்தைக் கட்டச் சொல்கிறார். சேம், காம், யாப்பேத்து என்ற மூன்று மகன்களும் மருமகள்களும் சேர்ந்து அதை மேடையிலேயே கட்டுகிறார்கள். விலங்குகள் ஜோடி ஜோடியாக ஏறுகின்றன. மழை, புயல், வெள்ளம். நீர் வடிந்ததா என்று பார்க்க முதலில் காகம் போகிறது, பிறகு புறா. கடைசியில் வானவில். பெரியவர்களுக்கு மூன்றே பாத்திரங்கள்: நோவா, அவர் மனைவி, கடவுளின் குரல். கடவுள் பாடுவதில்லை, எங்கோ உயரத்திலிருந்து பேசுவதோடு சரி. மற்ற வேடங்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு.

எவ்வளவு நேரம்?

ஏறக்குறைய ஐம்பது நிமிடம். இடைவேளை கிடையாது. சிறியவர்களை முன்கூட்டியே கழிப்பறைக்கு அழைத்துப்போய்விடுங்கள்.

யார் எழுதியது? பழைய நாடகமா, புதியதா?

சொல் பழையது, இசை புதியது. சொற்கள் இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தில் தெருத்தெருவாக நடந்த பைபிள் நாடகத் தொடரிலிருந்து எடுத்தவை. இதை நம் ஆட்களுக்குப் புரியவைப்பது எளிது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கோவில் திருவிழாவில் முதல் நாள் இன்னாருடைய மண்டகப்படி, மூன்றாம் நாள் இன்னாருடையது என்று பிரித்திருப்பார்கள் அல்லவா? செஸ்டரிலும் அதே மாதிரிதான். படைப்புக் கதை ஒரு தொழில் சங்கத்தாருக்கு, சிலுவைப்பாடு வேறொரு சங்கத்தாருக்கு. நோவா கதை யாருக்கு விழுந்தது தெரியுமா? டீ நதியிலிருந்து தண்ணீர் இறைத்து வீடுகளுக்குக் கொண்டுபோன தண்ணீர்க்காரர்களுக்கு! யாரோ குறும்பாகத்தான் பங்கு பிரித்திருக்க வேண்டும். சக்கரம் வைத்த மேடையை இழுத்துக்கொண்டு தெரு முனைகளில் நிறுத்தி நடிப்பார்கள். இங்கிலாந்து கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டண்டு வழிக்கு மாறிய காலத்தில் மேலிடத்துக்கு இது பிடிக்காமல் போய், 1575க்குப் பிறகு நின்றுவிட்டது.

அந்தப் பழைய உரைக்கு இசை அமைத்தவர் பிரிட்டன். 1913இல் சஃபோக் மாவட்டத்தின் லோஸ்டாஃப்ட் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். உலகமெங்கும் பெயர் பெற்ற பிறகும் அந்தக் கடற்கரையை விட்டுப் போகாமல், அதே கரையோர ஊரான ஆல்ட்பரோவிலேயே 1948 முதல் ஆண்டுதோறும் இசைவிழா நடத்தியவர். அந்த விழாவுக்காகத்தான் இது, 1958ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி, ஆர்ஃபர்ட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் முதன்முதலாக மேடை ஏறியது. அன்றே அதில் பல தரப்புப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1953 ஜனவரி 31ஆம் தேதி இரவு வட கடல் பொங்கி அந்தக் கரையோரத்தை விழுங்கியது. இங்கிலாந்தில் மட்டும் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிட்டனின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ஐந்தே வருடம் கழித்து ஆர்ஃபர்டில் நோவாவின் வெள்ளத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு அது வெறும் பைபிள் கதையாக இருந்திருக்காது. 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1958இல் சஃபோக்கில் எல்லோரும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே மதம். பல தரப்புப் பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

என் நண்பர் ஒருவர் சற்றுக் கிண்டலாகவே கேட்டார். நிறத்தைத் தேடினால் கிடைக்காதுதான். ஆனால் இங்கிலாந்தில் ஆளைப் பிரிக்க நிறம் எதற்கு? வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், எந்த வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளி என்று ஜாதகமே தெரிந்துவிடும்.

அன்றைய பள்ளி முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயதில் ஒரு தேர்வு. தேறிய பிள்ளைகள் மேற்படிப்புக்குத் தயார் செய்யும் கிராமர் பள்ளிக்குப் போனார்கள், தேறாதவர்கள் ‘செகண்டரி மாடர்ன்’ என்ற பள்ளிக்கு. காசுள்ள வீட்டார் இந்த வம்பே வேண்டாமென்று கட்டணப் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்று தரப்பும் ஒரே ஊரில் இருந்தாலும் ஒன்றாக உட்கார ஒரு காரணமும் வாய்த்ததில்லை.

இப்போது ஆர்ஃபர்டில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். ரெக்கார்டர் குழல் ஊதியவர்கள் ஃப்ராம்லிங்ஹாம் கல்லூரிப் பிள்ளைகள். பெயர்தான் கல்லூரி, கட்டணம் கட்டிப் படிக்கும் விடுதிப் பள்ளி அது. பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பை ஊதியவர்கள் ஹோல்புரூக்கில் இருந்த ராயல் ஹாஸ்பிடல் பள்ளிப் பையன்கள். பெயர்தான் ஹாஸ்பிடல், கடலோடிகளின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளி. தாள வாத்தியங்கள் வுல்வர்ஸ்டன் ஹால் பள்ளிக்கு. லண்டன் பையன்களைக் கிராமத்து மாளிகை ஒன்றில் தங்கவைத்துப் படிக்கவைக்க லண்டன் கவுன்சில் 1951இல் தொடங்கிய பள்ளி அது. ஒவ்வொன்றும் ஒரு சுரம் ஒலிக்கும் கைமணிகளை அடித்தவர்கள் லெய்ஸ்டன் ஊரின் செகண்டரி மாடர்ன் பள்ளி மாணவர்கள்.

அந்தக் கைமணி எங்கே வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். புயலெல்லாம் ஓய்ந்து, “இனி வெள்ளத்தால் அழிக்கமாட்டேன்” என்று கடவுள் சொல்லி, வானவில் தோன்றும் இடத்தில் வருகிறது. மற்ற வாத்தியங்கள் ஒரு சுருதியில் இருக்க, இந்த மணிகள் வேறொரு திசையிலிருந்து வந்து அதன்மேல் படிகின்றன. முழு நாடகத்திலும் காது சிலிர்க்கும் இடம் அதுதான். நாடகம் முடியும்போது கடைசியாகக் காதில் நிற்பதும் அந்த மணிகள்தான். ‘தேறாத பிள்ளைகள்’ என்று சீட்டுக் கிழிக்கப்பட்டவர்கள் கையில் பிரிட்டன் வானவில்லைக் கொடுத்திருக்கிறார். அதுவும் இரக்கப்பட்டு ஓரத்தில் ஒரு இடம் ஒதுக்கிய கதையாக இல்லை. அந்த மணிகள் இல்லாவிட்டால் வானவில்லே கிடையாது.

என் பெண் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவளைச் சேர்ப்பார்களா?

தாராளமாக. இந்த நாடகம் அவளுக்காகவே எழுதப்பட்டது.

நம் வழக்கத்தில் சரளி வரிசை வாசிக்கும் பிள்ளை மேடை ஏறுவதில்லை. வர்ணம் வர வேண்டும், கீர்த்தனை வர வேண்டும், அதன் பிறகு குரு தலையசைக்க வேண்டும். அதுவரை வீட்டுச் சுவர்தான் ரசிகர். இங்கே பிரிட்டன் தலைகீழாக யோசித்தார். பிள்ளைகளுக்கான வயலினை மூன்று படியாகப் பிரித்தார். முதல் வயலின் ஓரளவு தேறியவர்களுக்கு. இரண்டாம் வயலினில் கையை இடம் மாற்றவே வேண்டாம், முதல் நிலையிலேயே வாசித்துவிடலாம். மூன்றாம் வயலின் நேற்றுத் தொடங்கியவர்களுக்கு. அதில் நெடுநேரம் விரலே வைக்க வேண்டாம், வெறும் தந்தியில் வில்லை இழுத்தால் போதும்.

‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வெறும் தந்தி எழுப்பும் ஒலியை மற்றவர்களுடைய இசைக்கு அடியில் கல் போல வைத்திருக்கிறார். வில்லை இழுக்கும் பெண் நிறுத்திவிட்டால் மேலே இருப்பது ஆடும். பக்கத்திலேயே தொழில்முறைக் கலைஞர்கள் ஐந்து பேர் தந்தி வாத்தியங்களோடு உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஆறு மாதப் பிள்ளையின் காதில் நல்ல வில்வீச்சு நேரடியாக விழுகிறது. எந்த வகுப்பில் இது கிடைக்கும்?

கர்நாடக வயலின் கற்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நாம் ச-ப-ச-ப என்று சுருதி சேர்ப்போம், இங்கே ஜி-டி-ஏ-ஈ. சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் தாங்கவும் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து தோளில் பிடித்து வாசிக்க வேண்டும். வாசிப்பதும் ஐந்து கோட்டு இசைத்தாளைப் பார்த்துத்தான். எங்கள் குழுவில் அப்படி ஒரு பெண் வந்தாள். வெறும் தந்திப் பகுதி என்பதால் மூன்று வாரத்தில் பழகிவிட்டாள். அவளுடைய ஆசிரியை அதற்கப்புறம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியம் எதுவும் தெரியாது, பாட்டும் சுமார்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு?

விலங்கு! முதல் அரங்கேற்றத்தில் முப்பத்தைந்து ஜோடி விலங்குகள், ஏழு கூட்டங்களாக வந்தன. ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் பியூகிள் முழங்கும். சிங்கம், சிறுத்தை முதலியவை முதலில், பிறகு ஒட்டகம், நாய், நரி, கரடி, குரங்கு என்று போய், பூனை, எலி, சுண்டெலி வரை வந்து, கடைசியில் பறவைகள். உட்கார்ந்திருப்பவர்களின் நடுவே புகுந்து, நடைபாதை வழியாக அணிவகுத்துப் பேழைக்குப் போகும். பாட வேண்டியது இரண்டே சொல், ‘கீரியே எலேய்சோன்’. கிரேக்க மொழியில் ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்று அர்த்தம். பெரிய விலங்குகள் கனத்த குரலில் பாடும், எலிகளும் சுண்டெலிகளும் கீச்சுக்குரலில். என் மகனுக்கு அந்தக் கீச்சுக்குரல் பிறவியிலேயே வாய்த்தது. வீட்டில் ஒரு மாதம் அதையேதான் கேட்டோம். இறங்கும்போது ‘அல்லேலூயா’.

நீங்கள் கட்டிய குவளை என்ன, அதைச் சொல்லுங்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லியிருப்பேன்.

புயலுக்கு முன் முதல் மழைத்துளி விழ வேண்டும். அந்த ஒலிக்கு என்ன செய்வது என்று பிரிட்டனுக்குப் பிடிபடவில்லை. அவருடைய உதவியாளராக இருந்தவர் இமோஜென் ஹோல்ஸ்ட், இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகள். போர்க்காலத்தில் கிராமத்து மாதர் சங்கங்களில் இசை சொல்லிக்கொடுத்தவர். கையில் வாத்தியம் இல்லாத பெண்களை வைத்துக்கொண்டு எதையாவது தட்டி ஒலியெழுப்பக் கற்றிருந்தார். பிரிட்டனைத் தம் சமையலறைக்கு அழைத்துப்போய், பீங்கான் குவளைகளை வரிசையாகக் கயிற்றில் தொங்கவிட்டு, பெரிய மரக்கரண்டியால் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான், மழை கிடைத்துவிட்டது. இன்றைக்கும் அந்த இசைத்தாளில் பியானோ, பியூகிள் இவற்றோடு ‘தொங்கும் குவளைகள்’ என்று ஒரு வாத்தியம் இருக்கிறது.

நம்முடைய ஜலதரங்கம் நினைவுக்கு வரும், ஆனால் அது வேறு. ஜலதரங்கத்தில் கிண்ணத்தில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சுருதி சேர்க்கலாம். இதில் குவளை காலி, தொங்குகிறது. சுருதி கடையிலேயே அமைய வேண்டும். அதனால் நான் ஒரு சனிக்கிழமை முழுதும் பழைய சாமான் விற்கும் தருமக் கடைகளாக ஏறி இறங்கினேன். கைப்பிடியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, சட்டைப்பையிலிருந்த மரக்கரண்டியால் ஒரு தட்டு. எங்கள் ஊரில் குயவர் கடையில் அம்மா பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாரே, அதே தட்டு. அம்மா தேடியது விரிசல் இல்லாத ‘டங்’. நான் தேடியது ஒன்றைவிட ஒன்று சற்று உயர்ந்த ‘டிங்’. கனத்த காப்பிக் குவளை பெரும்பாலும் மொட்டையாக ஒலிக்கும். மெல்லிய தேநீர்க் குவளைதான் துளி மாதிரி சொட்டும். நான்காவது கடையில் ஒரு மூதாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எதைத் தேடுகிறாய்?” என்றார். “மழையை” என்றேன். அவர் உள்ளே போய் இன்னொரு பெட்டியை எடுத்துவந்தார்.

கயிறு கைப்பிடியைத் தவிர வேறெங்கும் படக் கூடாது, பட்டால் ஒலி செத்துவிடும். குவளைகள் ஒன்றோடொன்று மோதாமல் நான்கு விரல் இடைவெளி வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தால், தட்டுவதற்கு ஒன்பது வயதுப் பிள்ளை போதும். எங்கள் குழுவில் தட்டியவன் ருமேனியாவிலிருந்து வந்து நான்கு மாதம்கூட ஆகாத பையன். ஆங்கிலத்தில் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். புயல் அவனுடைய முதல் துளியில் தொடங்கியது. எல்லாம் இடிந்து புரண்டு ஓய்ந்த பிறகு, முடிந்ததும் அவனுடைய கடைசித் துளியில்தான்.

ஆங்கிலம் சரியாக வராத பிள்ளைகள் தடுமாற மாட்டார்களா?

எல்லோரும் தடுமாறுவார்கள், அதுதான் விசேஷம். இது நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம். லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் விழி பிதுங்கும். ஒத்திகையில் முதல் நாள் எல்லோரும் ஒரே வரிசையில் விழித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். சங்கப் பாட்டை ஐந்தாம் வகுப்பில் வைத்தால் நம் பிள்ளைகள் விழிப்பதுபோல.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. பிள்ளையை அனுப்பலாமா?

சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். இது கிறிஸ்தவ நாடகம். ‘எல்லா மதத்துக்கும் பொது’ என்று யாராவது சொன்னால் அவர்கள் இசைத்தாளைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். தொடக்கத்திலேயே ஏசுவை நோக்கிய வேண்டுதல் பாட்டு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எங்கள் குழுவில் இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் எல்லோரும் இருந்தார்கள். நாங்கள் அனுப்பினோம். மச்சாவதாரக் கதையில் மனுவின் படகை மீன் இழுத்துப்போகிறது என்று அம்மா தொலைபேசியில் பேரனுக்குச் சொல்ல, அவன் அதை ஒத்திகையில் போய்ச் சொல்லியிருக்கிறான். முஸ்லிம் தந்தை ஒருவரின் தயக்கம் வேறு. நோவா அவர்களுக்கு நூஹ் நபி, நபிமாரை வேடம் கட்டி நடிப்பதை அவர் ஏற்கமாட்டார். நியாயமான தயக்கம். அவர் நடத்துபவர்களிடம் நேரில் பேசினார். அவர் மகள் வேடம் எதுவும் இல்லாமல் கைமணிக் குழுவில் சேர்ந்தாள், வேண்டுதல் பாட்டுகளின்போது சும்மா இருந்தாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் வழி இருக்கிறது. கடைசி வாரத்தில் சொன்னால்தான் எல்லோருக்கும் மனவருத்தம்.

நோவாவின் மனைவி குடிக்கிறாளாமே, கணவனை அடிக்கிறாளாமே! பிள்ளைகள் பார்க்கலாமா?

பார்க்கலாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடமே அதுதான். அவளுக்குப் பேழையில் ஏற விருப்பமில்லை. தோழிமாரோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டு, “இவர்களை விட்டு வரமாட்டேன், வேண்டுமானால் நீ போய் வேறொருத்தியைக் கட்டிக்கொள்” என்கிறாள். மகன்கள் அப்படியே தூக்கிக்கொண்டு போய் உள்ளே விடுகிறார்கள். நோவா வரவேற்க, பளாரென்று ஒரு அறை. நம் கூத்தில் கட்டியங்காரன் வந்து நிற்கும் இடம் மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் என் மகன் கேட்டது வேறு. “அந்தத் தோழிகள் என்ன ஆனார்கள்?” தண்ணீர் ஏறும்போது அவர்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். பேழை யாருக்காகவும் நிற்பதில்லை. என்னிடம் பதில் இல்லை. உங்கள் பிள்ளையும் கேட்கும், தயாராக இருங்கள்.

பார்க்க வருகிறவர்களும் பாட வேண்டுமாமே, உண்மையா?

உண்மைதான். மூன்று பாட்டுகள். தொடக்கத்தில் ஒன்று, புயலின் உச்சியில் ஒன்று, முடிவில் ஒன்று. புயல் நடுவில் வருவது கடலில் போகிறவர்களைக் காக்கச் சொல்லும் பாட்டு. மீனவர் ஊர்களில் எல்லோருக்கும் மனப்பாடம். முதலில் பேழையில் இருப்பவர்கள் பாடத் தொடங்குவார்கள், பிறகு இசைக்குழுவை நடத்துபவரான நடத்துநர் சட்டென்று நம் பக்கம் திரும்பிக் கையை உயர்த்துவார். அதுவரை சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுந்து நின்று வெள்ளத்தில் இறங்க வேண்டியதுதான். அச்சிட்ட தாள் கொடுப்பார்கள், நாடகத்துக்கு முன் ஒருமுறை சேர்ந்து பாடிப் பார்ப்பதும் உண்டு. தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வாயை மூடி நிற்பவர்களை என் மகன் எலி உடையில் இருந்தபடியே முறைத்தான்.

உடைச் செலவு?

எங்களுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. பழைய சட்டை, அட்டையில் செய்த விலங்குத் தலை. தலையை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். வால் வைக்க ஆசைப்படாதீர்கள், அணிவகுப்பில் பின்னால் வருகிறவர்கள் மிதிப்பார்கள்.

தேவாலயத்தில்தான் போட வேண்டுமா?

பெரிய கட்டடம் ஒன்றில், முடிந்தால் தேவாலயத்தில், ஆனால் நாடக அரங்கில் வேண்டாம் என்று பிரிட்டன் குறித்துவைத்திருக்கிறார். மக்கள் அதை அவ்வளவாகக் கேட்கவில்லை. 2012இல் வடக்கு அயர்லாந்து ஓபரா இதை பெல்ஃபாஸ்ட் விலங்குக்காட்சிச் சாலையில் போட்டது. அசல் விலங்குகளுக்கு நடுவே! கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்று பள்ளிகளே இரண்டாகப் பிரிந்து கிடக்கும் ஊர் அது. அதே தயாரிப்பு அந்த வருடமே பெய்ஜிங் இசைவிழாவுக்கும் போனது.

நமக்கு நெருக்கமானது 2019இல் நடந்தது. இங்கிலிஷ் நேஷனல் ஓபராவும் ஸ்ட்ராட்ஃபர்டில் உள்ள தியேட்டர் ராயலும் சேர்ந்து, லிண்ட்சி டர்னர் இயக்கத்தில், கிழக்கு லண்டன் பிள்ளைகளை வைத்துப் போட்டார்கள். ஸ்ட்ராட்ஃபர்ட் இருப்பது நியூஹாமில். ஈஸ்ட் ஹாம் முருகன் கோவிலும் அதே நியூஹாமில்தான். அடுத்த வருடம் லண்டன் நாடக உலகின் பெரிய விருதுகளான ஆலிவியர் விருதுகளில் ஓபராவுக்கான சிறந்த சாதனை விருதை அந்தப் பிள்ளைகள் கூட்டத்துக்கே கொடுத்தார்கள். நட்சத்திரப் பாடகருக்கோ நடத்துநருக்கோ போகும் விருது, பிள்ளைகள் கூட்டத்துக்குப் போனது. ‘அரங்கில் வேண்டாம்’ என்ற பேச்சைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இதை ஊரில், தமிழில் போட முடியுமா?

அனுமதி வாங்கினால் முடியும். பிரிட்டன் இறந்தது 1976இல். இந்தியச் சட்டப்படி உரிமை 2036 முடியும்வரை உண்டு, இங்கிலாந்தில் 2046 வரை. பதிப்பாளர்களான பூசி அண்ட் ஹாக்ஸிடம்தான் கேட்க வேண்டும், மொழிபெயர்க்கவும் அனுமதி தேவை. நல்ல பாடகர் குழு உள்ள தேவாலயங்கள் நம் ஊரில் இருக்கின்றன. கைமணிக்கும் பியூகிளுக்கும்தான் அலைய வேண்டியிருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், நாடகத்தைக் கொண்டுபோவதைவிட அந்த மூன்றாம் வயலினைக் கொண்டுபோங்கள். பள்ளி ஆண்டு விழாவில் நன்றாக ஆடும் எட்டுப் பிள்ளைகள் மேடையில், மீதி அறுபது பேர் கைதட்ட என்று பிரிக்கிறோமே, அங்கே யாராவது ஒருவர் உட்கார்ந்து, ஒரே ஒரு அடி மட்டும் தெரிந்த பிள்ளைக்கு உறுமியில் ஒரு அடி, கொட்டாங்குச்சியில் ஒரு தட்டு என்று எழுதட்டும். அந்தத் தட்டு இல்லாவிட்டால் பாட்டு நிற்காது என்கிற மாதிரி எழுதுவதுதான் கடினம். அதற்குப் பிரிட்டன் மாதிரி ஒரு ஆள் வேண்டும், அல்லது பிடிவாதமான ஒரு பாட்டு டீச்சர்.

ஒன்றாக நடித்த பிள்ளைகள் அதற்குப் பிறகும் ஒன்றாக இருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. நாங்கள் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகப் பழகி, எல்லோரும் சேர்ந்தது கடைசி இரண்டு ஒத்திகையில்தான். முதல் ஒத்திகை இடைவேளையில் கட்டணப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம் சாண்ட்விச், எங்கள் பிள்ளைகள் இன்னொரு பக்கம் தயிர்சாதம். இரண்டாவதில் ஒரு ஒட்டகம் வந்து ஊறுகாய் கேட்டது. அதற்குமேல் நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். நாடகம் முடிந்த மறுவாரமே அவரவர் பஸ்ஸில் அவரவர் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அந்த ருமேனியப் பையன் மட்டும் இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகிறான்.

குவளை உடைந்தால் என்ன செய்வது?

உடையும். இரண்டு உபரி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கடைசி ஒத்திகையில் கயிறு அறுந்து இரண்டு போயின, என்னிடம் ஒன்றுதான் மிச்சம். கைமணிப் பெண்ணின் தந்தை, காரிலிருந்து தம் தேநீர்க் குவளையை எடுத்துவந்து, தேநீரைக் கொட்டிவிட்டு நீட்டினார். தட்டிப் பார்த்தோம். வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் இறக்கம். நடத்துநர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இருக்கட்டும், எல்லாத் துளியும் ஒரே மாதிரியா விழுகிறது?” என்றார்.